மேல் பாதி இல்லாத சேட்டைகள்

பத்து வயதில் நான் தண்டனைகளில் கரைகண்டவள். காதைத் திருகுவது, கரி அள்ள விடுவது, மூலையில் நிறுத்துவது, சாப்பாடு கொடுக்காமல் படுக்கப் போகச் சொல்வது என்று வரிசையாகச் சொல்வேன். எந்தச் சேட்டைக்கு அந்தத் தண்டனை என்று கேட்டால் மட்டும் முழிப்பேன். இந்த அரைகுறை ஞானத்துக்குக் காரணம் என் மாமா வேலை செய்த கடையின் தவுக்கே, அந்தச் சீன முதலாளி.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், சாப்பாடும் படுக்கையும் காஜா பெராங்கில் எங்கள் வீட்டில்தான். சின்னப் பையனாக இருந்தபோதே மலாக்கா டவுனில் ஒரு சீனரின் புத்தகக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஜப்பான்காரன் காலத்தில் கடை மூடியபோது வெளியே வந்து, திறந்தபோது மறுபடியும் உள்ளே போனவர். அந்தக் கடைக்கு இங்கிலாந்திலிருந்து சிறுவர்களுக்கான சிரிப்புப் படக்கதைப் புத்தகம் வாராவாரம் ஒரு கட்டு வரும். அங்கே கப்பலேறி, சிங்கப்பூரில் இறங்கி, பஸ் பிடித்து எங்களிடம் வந்து சேர்வதற்குள் அதிலிருக்கும் கிறிஸ்துமஸ் பழசாகி, இங்கே மாசி வெயில் மண்டையைப் பிளக்கும். பனிக்கட்டியில் வழுக்கி விழும் பிள்ளைகளை நாங்கள் வேர்த்து விறுவிறுத்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.

விற்காமல் தங்கிய பிரதிகளை அவ்வளவு தூரம் திருப்பி அனுப்பினால் கூலிக்கே கட்டாது. அதனால் புத்தகத்தின் பெயர் அச்சடித்த மேல்பட்டையை மட்டும் வெட்டி அனுப்பினால் போதும், கணக்கில் கழித்துக்கொள்வார்கள். மீதியைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். எங்கள் தவுக்கே எதிலும் தாராளம் காட்டாத மனிதர். ஆனால் அந்தப் பட்டையை வெட்டும்போது மட்டும் எங்கிருந்துதான் அந்தத் தாராளம் வருமோ! பெயரோடு சேர்ந்து முதல் பக்கத்தின் மேல் பாதியும் போய்விடும். மீதியை மாமா கிழித்துப் போடாமல் சட்டைக்குள் செருகி எனக்குக் கொண்டுவந்து கொடுப்பார்.

முதல் பக்கம்தானே அந்தப் புத்தகத்தின் ராஜாவுக்கு உரியது! காது இரண்டும் விடைத்து, ஒரு காலின் சாக்ஸ் எப்போதும் கழன்று கணுக்காலில் கிடக்கும் ஒரு பையன். அவனுக்கு இங்கிலீஷில் என்னமோ ஒரு பேர். நானும் மாமாவும் வைத்த பேர் ஒத்தச் சாக்ஸ். மேல் பாதியில் அவன் சேட்டை செய்வான், கீழ்ப் பாதியில் மாட்டிக்கொள்வான். கடைசிக் கட்டத்தில் அவன் அம்மா, இடுப்பில் துணி கட்டிய குண்டம்மா, காதைத் திருகி மாடிப்படியைக் காட்டுவாள். இன்றைக்கு உனக்குச் சாப்பாடு கிடையாது, மேலே போ. எனக்குக் கிடைத்ததெல்லாம் இந்தக் கீழ்ப் பாதிதான். ஒரு வாரம் கீழ்ப் பாதி தொடங்கும்போதே கூரைமேல் ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது. மாடு எப்படிக் கூரைக்குப் போனது? எனக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்தாயிற்று, இன்னும் அதற்கு விடை தெரியவில்லை.

அப்பாவுக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஆகாது. அவர் நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பிரிவில் வேலை பார்த்தார். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பத்திலிருந்து முதன்முதலாக டவுனுக்கு வந்தவர். பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்ற கவலை அவர் நெற்றியில் நிரந்தரமாக எழுதியிருக்கும். சாயங்காலத்தில் தமிழ்ப் பத்திரிகையின் தலையங்கத்தை நான் சத்தம்போட்டு வாசிக்க வேண்டும். சுதந்திரப் பேச்சு ஊரெல்லாம் சூடு பிடித்திருந்த நேரம் அது. "வெள்ளைக்காரனே மூட்டையைக் கட்டிக்கிட்டிருக்கான், அவன் குப்பையை நாம ஏன் கட்டிக்கிட்டு அழணும்? போகிக்கு எல்லாத்தையும் கொளுத்துறேன் பாரு" என்பார். மூன்று போகி வந்து போயிற்று, அவர் கொளுத்தவில்லை. ஆனால் அந்தப் பயத்திலேயே நான் புத்தகங்களை அரிசித் தகரத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. இந்தப் புத்தகம் எப்போது ஆரம்பித்தது, யார் ஆரம்பித்தார்கள் என்று மாமாவைத் துளைத்தெடுப்பேன். யார் என்பது அவருக்கும் தெரியாது. தெரிந்தவரை சொல்வார். சண்டைக்கு முன்னாலேயே அது வந்துகொண்டிருந்ததாம். சண்டை தொடங்கியதும் இங்கிலாந்தில் தாள் தட்டுப்பாடு. புத்தகம் மெலிந்து மெலிந்து நோயாளியைப் போல வந்ததாம். பிறகு ஜப்பான்காரன் வந்தான், கப்பல் நின்றது. எல்லாம் முடிந்து கடை திறந்து முதல் கட்டைப் பிரித்தபோது மாமா கண்ணை நம்பவில்லையாம். அதே பையன், அதே காது, அதே கழன்ற சாக்ஸ். ஊரே தலைகீழாகிப் போயிருக்க, இவன் மட்டும் நேற்றுத்தான் மாடிக்குப் படுக்கப் போனவன் மாதிரி வந்து நின்றான் என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு அங்கேதான் மண்டை குடைந்தது. அப்படியானால் இந்நேரம் அவனுக்கு மாமா வயதாகியிருக்க வேண்டுமே, மீசை எங்கே? வகுப்பில் கேட்டேன். டீச்சர் உட்காரச் சொன்னார். அப்பாவிடம் கேட்டேன். படிக்கிற பிள்ளைதான் வளரும், அவன் எங்கே படித்தான் என்றார். மாமா மட்டும் யோசித்துப் பதில் சொன்னார். "வளர்ந்துட்டா யாரு காசு குடுத்து வாங்குவா? வளர்ந்தவன் கதைதான் ஊர் பூரா சும்மாவே கெடக்குதே" என்றார்.

எங்கள் வீட்டுப் பின்வேலியைத் தாண்டினால் செட்டி கம்பம் என்ற குடியிருப்பு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டிகள் நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், விபூதி பூசுவார்கள். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும், நடுவில் இரண்டு தமிழ்ச் சொல் விழும். வேலியை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்த அம்மாவை நாங்கள் மச்சிக் என்று கூப்பிடுவோம். மலாயில் சின்னம்மாவைக் கூப்பிடுவது போல. நாங்கள் அவரிடம் மலாயில் பேசுவோம். அவர் எங்களைத் திருத்துவார்.

டவுனில் அந்தச் சிரிப்புப் புத்தகத்தை முழு விலைக்கு வாங்கியது தோட்டத்துத் துரைமார் வீடுகளும் வெள்ளைக்கார அதிகாரிகள் வீடுகளும்தான். அவர்களை விட்டால் மச்சிக். வருஷத்துக்கு ஒரே ஒரு பிரதி, போகிக்கு. இங்கிலீஷ் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அது அவர் மகனுக்கு.

மகன் உயிரோடு இல்லை. கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அம்மா எனக்கு மீன் கழுவிக்கொண்டே சொன்னாள். ஜப்பான்காரன் காலத்தில் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்க மச்சிக் அவனை அனுப்பினாராம். பதினாலு வயது. வரிசையில் நின்றவன் பழைய சிரிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தானாம். அதில் மூழ்கி இடத்தை விட்டுவிட்டான். நிமிர்ந்து பார்க்கும்போது அரிசி தீர்ந்துவிட்டது. வெறும் பையோடு வந்தவனை மச்சிக் அடித்து, இருந்த மரவள்ளிக் கிழங்கையும் கொடுக்காமல், போய்ப் படு என்றார். மறுநாள் விடிவதற்குள் அவன் பையை எடுத்துக்கொண்டு மறுபடியும் வரிசைக்குப் போயிருக்கிறான். லாரியில் வந்தவர்கள் வரிசையில் நின்ற ஆண்பிள்ளைகளை வாரிக்கொண்டு சயாமுக்கு ரயில் பாதை போட ஓட்டிப் போனார்கள். போனவன் போனவன்தான்.

செட்டிகளுக்குப் போகி என்பது பர்ச்சு, இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள். அவரவருக்குப் பிடித்ததெல்லாம் வாழை இலையில் வைத்து, சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். வருகிறவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமாம். அந்தச் சமையலில் ஒரு கண்டிப்பு உண்டு. உப்புப் பார்க்கக் கூடாது. இறந்தவர் வாயில் படுமுன் உயிரோடிருப்பவர் நாக்கில் பட்டால் அது எச்சில். வாயில் வைக்காமலே எப்படித்தான் இவ்வளவு கச்சிதமாக உப்புப் போடுகிறார்களோ என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் அதிசயப்படுவாள். புத்தகத்துக்கும் மச்சிக் அதே சட்டத்தைத்தான் வைத்திருந்தார். கடையிலிருந்து பழுப்புத் தாளில் சுற்றி வரும். சுற்றியது சுற்றியபடி இலையோரம் வைப்பார். பிரிக்க வேண்டியது பசியோடு வருகிறவன், நாமல்ல. அப்புறம் அது அப்படியே ஒரு தகரப்பெட்டிக்குள் போய்விடும். அத்தனை மேல் பாதிகள் அந்தப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சுதந்திரம் வந்தது. அப்பா புது வேட்டி வாங்கினார். துரைமார் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாக ஆரம்பித்தன. வாங்க ஆளில்லாத சரக்கு எதற்கு என்று தவுக்கே சிரிப்புப் புத்தகத்தை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டார். எனக்குக் கீழ்ப் பாதியும் போயிற்று. ஆனால் நான் அழுதது போதாது என்பதுபோல மார்கழி பிறந்ததும் மச்சிக் வேலியருகே வந்து நின்றார். இந்த வருஷம் புத்தகம் எப்போது வரும் என்று கேட்டார்.

மாமா தலையைச் சொறிந்துகொண்டு, என்னிடமிருந்த வெட்டுப்பட்ட பிரதியில் நல்லதாக ஒன்றை எடுத்து நீட்டினார். மச்சிக் கையை நீட்டவில்லை. மாமாவைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. "அவனை ஒரு தடவை பட்டினியாக அனுப்பிவிட்டேன், தம்பி. மறுபடியும் மிச்சத்தைக் கொடுத்து அனுப்பவா?" என்று மலாயில் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். மாமா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. முழுசாக ஒன்று கொண்டுவந்து கொடுக்காவிட்டால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சபதம் போட்டார்.

சிங்கப்பூரில் மாமாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். அவருக்குச் சொல்லி அனுப்பி, பஸ் டிரைவரைப் பிடித்து, டிரைவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து, போகியன்று மத்தியானம்தான் புத்தகம் வந்து சேர்ந்தது. பழுப்புத் தாளில் சுற்றி, கயிறு கட்டி, முழுசாக. மச்சிக் குளித்து முழுகிச் சமையலில் இருந்தார். அந்த நேரத்தில் வெளியாள் யாரும் உள்ளே போகக் கூடாது. அதனால் எங்கள் வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் பொட்டலத்தை வைத்துவிட்டு மாமா கடைக்கு ஓடினார். போகும்போது என்னைப் பார்த்து, "தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்றார். நான் நல்ல பிள்ளையாக இருப்பதற்காகக் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்குள் இருந்தால் என் கையை நானே நம்ப முடியாது.

வெயில் சாய்ந்ததும் உள்ளே வந்தேன். அப்பா நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்பா அழுகிறார் என்று பயந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து பார்த்து, "ஐயோ!" என்று தலையில் கை வைத்தாள். அப்பா மடியில் ஒத்தச் சாக்ஸ். கயிறு ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வேலையிலிருந்து வந்தவர், பொட்டலத்தை என்னவென்று பிரித்திருக்கிறார். குப்பை என்று தெரிந்ததும் தூக்கிப் போடத்தான் நினைத்தாராம். போடுவதற்கு முன்னால் என்ன குப்பை என்று பார்த்திருக்கிறார்.

"படைக்கிற சாமானுங்க அது! எச்சில் பண்ணிட்டீங்களே!" என்றாள் அம்மா.

"நான் என்னா நக்கியா பார்த்தேன்? கண்ணாலதானே பார்த்தேன்."

"சோத்துக்கு நாக்கு. பொஸ்தகத்துக்குக் கண்ணு. ரெண்டும் ஒண்ணுதான்."

அந்நேரம் மாமா வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் கறுத்துப்போனார். பிறகு மெதுவாக, தாளை மடிப்பு மாறாமல் சுற்றிக் கட்டிவிடலாம் அத்தான், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். சுற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் மேல் பாதியைக் காட்டினால் போதும்!

அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். "செத்த பிள்ளைக்கு வைக்கிறதுல போயா கள்ளத்தனம் பண்றது? தெரியாமப் பண்ணிட்டேன்னு நானே சொல்லிட்டு வர்றேன்" என்றார். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டினார். அட்டைப் பக்கம் அவர் நெஞ்சுக்குள் இருந்தது. நான் பின்னாலேயே ஓடி, "அப்பா, அவன் என்னா சேட்டை பண்ணான்?" என்று கேட்டேன். வாயை மூடிக்கிட்டு வா என்றார்.

மச்சிக் கூடத்தில் இலை போட்டு முடித்திருந்தார். தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறும் மிளகாய்ச் சம்பலும் மணத்தன. மரவள்ளிக் கிழங்கு தனியாக ஒரு தட்டு நிறைய இருந்தது. இலையோரத்தில் ஒரு சின்ன இடம் காலியாக இருந்தது. எங்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அப்பா கையில் தாள் சுற்றாத புத்தகத்தைக் கண்டதும் அது வாடியது. அப்பா குழாய் உடைத்த தொழிலாளி துரை முன்னால் நிற்பது மாதிரி நின்று, தன் தோட்டத்து மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். நான் அவமானத்தில் தரையைப் பார்த்தேன்.

மச்சிக் இலையோரத்துக் காலி இடத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "முழுதும் படித்துவிட்டீர்களா?" என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். "சிரித்தீர்களா?" அதற்கும் தலையாட்டினார். மச்சிக், என் பையனும் தனியாகச் சிரிக்க மாட்டான், அடுப்படிக்கு வந்து எனக்குச் சொல்லிச் சொல்லித்தான் சிரிப்பான், நான்தான் வேலை கிடக்கிறது போடா என்று விரட்டுவேன் என்றார். "இந்தத் தடவை என்ன செய்தான், சொல்லுங்கள்."

அப்பா சொன்னார். என் வாழ்நாளில் நான் தெரிந்துகொண்ட முதல் மேல் பாதி அது! ஒத்தச் சாக்ஸ் பக்கத்து வீட்டுப் பன்றியை அம்மாவின் துணி துவைக்கும் தொட்டியில் பூட்டி வண்டி ஓட்டுகிறான். பன்றி மிரண்டு கொடியில் காய்ந்த துணிக்குள் புகுந்து ஓடுகிறது. போலீஸ்காரர் தலையில் அவன் அம்மாவின் உள்பாவாடை மாட்டிக்கொள்கிறது. உள்பாவாடைக்கு மலாயில் என்ன சொல்வது என்று தெரியாமல் அப்பா இடுப்பைத் தொட்டுக் காட்டித் திண்டாடினார். மச்சிக் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றார்.

அப்பா புத்தகத்தைப் பார்த்தார். கடைசிக் கட்டத்தின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. கீழ்ப் பாதியில் என்னை விட விவரம் தெரிந்தவர் யார்? "முடியலை மச்சிக்! அவன் அம்மா காதைத் திருகி, சாப்பாடு கிடையாது, போய்ப் படுன்னு அனுப்பிடுவாங்க. எப்பவும் அப்படித்தான்" என்றேன். அப்பாவின் கை என் தோளில் அழுந்தியது. மச்சிக் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பட்டினியாகவா?"

"ஆமா."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, அடுத்த வாரம் வந்துடுவான். மேல போறவன்தான், அடுத்த வாரம் பார்த்தா வீட்டுல நிப்பான், புதுசா ஏதாவது செய்வான்."

"அடுத்த வாரம் வந்துவிடுவானா?"

"வராம இருந்ததே இல்லை."

"அம்மாமேல் கோபம் இருக்காதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை கீழ்ப் பாதி பார்த்திருக்கிறேன்! கோபமா, அதெல்லாம் அவனுக்கு ஞாபகமே இருக்காது என்றேன். மச்சிக் அப்பா கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். கடைசிக் கட்டத்தில் அந்தக் குண்டம்மா மாடிப்படியைக் காட்டும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். இலையோரத்தில், திறந்தபடியே, வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நிஜமாக ஞாபகம் இருக்காதா?" என்று மறுபடியும் கேட்டார். இருக்காது என்றேன். சாம்பிராணியை எடுக்கப் போனவர் நின்று, "அடுத்த வாரம் வந்துவிடுவானா?" என்று இன்னொரு தடவை கேட்டார்.

இவ்வளவு வயதான மனுஷிக்கு இந்தச் சின்ன விஷயத்தை எத்தனை தடவை சொல்வது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. உதவிக்கு அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். இந்தக் குப்பையைப் பற்றிப் பேசினாலே அதட்டுகிறவர், அன்று என்னை அதட்டவில்லை.

"சொல்லும்மா. அவங்க கேக்குற வரைக்கும் சொல்லு" என்றார்.